டீக்கடை எந்தப் பக்கம்?

"காரில் ஊர் சுற்றுகிறவர்களுக்குச் செயலி செய்கிறவர்களும், அந்தச் செயலிகளோடு மல்லுக்கட்டுகிறவர்களும் கேள்வி அனுப்பலாம்" என்று போன இதழில் ஒரு வரி போட்டிருந்தேன். வந்தவற்றில் பாதி, "மேப்பை நம்பிப் போய் வயலுக்குள் நின்றோம்" ரகம். அவர்களுக்கு என் அனுதாபங்கள். மீதியிலிருந்து எட்டுக் கேள்விகள் இங்கே. பெயரை எடுத்துவிட்டு ஊரையும் தொழிலையும் மட்டும் வைத்திருக்கிறேன். ஊரையும் தொழிலையும் வைத்தே ஆளைக் கண்டுபிடித்துவிடலாம் என்பது வேறு விஷயம். அதுவும் கீழே வருகிறது.

நீ யார் பதில் சொல்ல என்று ஒருவர் கேட்டிருந்தார். சேலத்தில் டூரிஸ்ட் வேன் ஓட்டியவரின் மகள். பதினோரு வருடமாக வரைபட மென்பொருள்தான் பிழைப்பு. இந்த இரண்டில் எனக்கு அதிகம் சொல்லிக்கொடுத்தது முதலாவது. அப்பாவின் டேஷ்போர்டில் ஒரு நீள நோட்டு எப்போதும் கிடக்கும். அதில் ஒரு வரி இப்படி: "சென்னை போகையில், உளுந்தூர்பேட்டைக்கு 6 முன்னே, இடது. டீ சுமார். பாத்ரூம் சுத்தம். ராத்திரி 11 வரை." எந்தத் திசையில் போகும்போது, எவ்வளவு தூரத்தில், எந்தப் பக்கம், எத்தனை மணி வரை. நான் இதுவரை கட்டிய தரவு டேபிள்களில் இதற்கு மேல் பெரிதாக ஒரு நெடுவரிசையும் சேர்த்துவிடவில்லை.

கேள்வி: கடைசி வருட ப்ராஜெக்டாக ட்ரிப் பிளானர் செய்கிறோம். பயனர் இருக்கும் இடத்தைச் சுற்றி 5 கி.மீ. வட்டத்தில் ஹோட்டல், பங்க், ஏடிஎம் எல்லாம் காட்டும். எங்கள் கைடு, "இது எல்லோரிடமும் இருக்கிறதே, இதில் நீங்கள் செய்தது என்ன?" என்கிறார். என்ன சேர்க்கலாம், அக்கா?
(ஈரோடு, பொறியியல் மாணவர்)

கைடு சரியாகத்தான் கேட்டிருக்கிறார், தம்பி. வட்டம் என்பது பஸ் ஸ்டாண்டில் இறங்கி நிற்கிறவனுக்கு. நான்கு வழிச்சாலையில் 80 கி.மீ. வேகத்தில் போகிறவனுக்கு அந்த வட்டத்தில் பாதி முதுகுக்குப் பின்னால் போய்விட்டது. மிச்சமிருக்கும் பாதியிலும் ஒரு பாதி சென்டர் மீடியனுக்கு அந்தப் பக்கம். 300 மீட்டரில் பங்க் என்று உங்கள் செயலி பெருமையாகக் காட்டும். மீடியனில் இடைவெளி வரும்வரை போய், திரும்பி வந்து, டீசல் போட்டு, மறுபடி திரும்பினால் ஆறேழு கிலோமீட்டர் ஆகியிருக்கும்.

இன்னொன்றும் இருக்கிறது. 80 கி.மீ. வேகத்தில் ஒரு கிலோமீட்டருக்கு 45 வினாடி. பின் சீட்டில் குழந்தை "பசிக்குது" என்று சொல்லி, முன் சீட்டில் இருப்பவர் போனை எடுத்து, லிஸ்ட்டை மேலும் கீழும் தள்ளி, "இந்தக் கடை நல்லா இருக்குமா?" என்று கேட்பதற்குள் ஒன்றரை நிமிடம். கடை போயே போய்விட்டது.

அதனால் வட்டத்தைத் தூக்கிப் போடுங்கள். போகவேண்டிய பாதை உங்களிடம் ஒரு கோடாக ஏற்கெனவே இருக்கிறது. அந்தக் கோட்டுக்கு இரு புறமும் ஒரு கிலோமீட்டர் அகலத்தில் பட்டை போடுங்கள். பட்டைக்குள் இருக்கிற கடைகளில் தாண்டி வந்தவற்றைக் கழியுங்கள். மீதியுள்ள ஒவ்வொன்றுக்கும் ஒரே ஒரு கணக்கு: கடை வழியாக ஊர் போய்ச் சேர ஆகும் நேரத்திலிருந்து, நேராகப் போனால் ஆகும் நேரத்தைக் கழித்தால் என்ன வருகிறது? "2.3 கி.மீ." என்று காட்டாமல் "கூடுதலாக 4 நிமிடம்" என்று காட்டுங்கள். மீடியன், சர்வீஸ் ரோடு, யூ டர்ன் எல்லாம் தானாகவே அந்த நான்கு நிமிடத்துக்குள் வந்துவிடும்.

இதற்குக் காசு செலவழிக்கவேண்டாம். பொதுமக்களே சேர்ந்து வரையும் ஓபன் ஸ்ட்ரீட் மேப் தரவை வைத்து வழி கணக்கிடும் மென்பொருள்களான ஓஎஸ்ஆர்எம், வால்ஹாலா இரண்டுமே இலவசம். அந்தத் தரவைப் பிரித்துத் தரும் ஜியோஃபாப்ரிக் தளத்தில் தென்னிந்தியாவுக்கென்றே தனிக் கோப்பு கிடைக்கிறது. லேப்டாப்பிலேயே ஏற்றிப் பாருங்கள். ஒரு எச்சரிக்கை: இடப்பெயர் தேடும் நாமினேட்டிமின் பொது சர்வரை வினாடிக்கு ஒரு தடவைக்கு மேல் கூப்பிடக் கூடாது. செயல்முறைத் தேர்வன்று முப்பது பேர் ஒரே வைஃபையிலிருந்து தட்டினால் கதவு சாத்தப்படும்.

கடை இடமா வலமா என்று தனியாகவும் காட்டுங்கள். ஓட்டுகிறவர் கண்ணை எந்தப் பக்கம் வைத்திருப்பது என்று தெரியவேண்டும் அல்லவா? பிளஸ் டூவில் படித்த வெக்டார் குறுக்குப் பெருக்கல் போதும். வண்டி போகும் திசை ஒரு வெக்டார், வண்டியிலிருந்து கடைக்கு இன்னொன்று. விடையின் பிளஸ், மைனஸே பக்கத்தைச் சொல்லிவிடும். அப்பா நோட்டில் "இடது" என்று எழுதியதைத்தான் இப்படிச் சுற்றி வளைத்துச் செய்கிறோம்.

கைடை வாயடைக்க வேண்டுமானால் இதைச் செய்யுங்கள்: "காலை 10 மணிக்குச் சேலத்தில் கிளம்பினால் ஒரு மணிக்கு எங்கே இருப்போம், அங்கே சாப்பாடு எங்கே?" முந்தின நாள் ராத்திரியே பதில் வரவேண்டும். இதற்கு ஜிபிஎஸ்ஸே தேவையில்லை என்பதையும் வாய்மொழித் தேர்வில் சொல்லுங்கள்.

கேள்வி: எங்கள் செயலியைத் திறந்ததுமே லொக்கேஷன் அனுமதி கேட்கிறோம். நிறையப் பேர் மறுத்துவிட்டு, அப்படியே அழித்தும் விடுகிறார்கள். எப்படிக் கேட்டால் தருவார்கள்?
(சென்னை, சிறு நிறுவனத்தில் ப்ராடக்ட் மேனேஜர்)

செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே "பீரோ சாவி எங்கே?" என்று கேட்கிற விருந்தாளியை யார் உள்ளே விடுவார்கள்?

பயணத்தைத் திட்டமிடும்போது உங்களுக்குத் தேவை கிளம்பும் ஊர், போகும் ஊர் இரண்டும்தான். அதைத் தட்டச்சு செய்யச் சொல்லுங்கள். "கிளம்பலாம்" என்ற பொத்தானை அழுத்தும்போது கேளுங்கள். அப்போது ஏன் கேட்கிறீர்கள் என்று அவருக்கே தெரியும். ஆண்ட்ராய்டு 11 முதல் ஒரு கணக்கு இருக்கிறது: பயனர் இரண்டு முறை மறுத்தால் மூன்றாவது முறை அந்தப் பெட்டியே வராது. ஆக உங்களிடம் இருப்பது இரண்டே வாய்ப்பு. அதில் ஒன்றை வாசலிலேயே வீணடிக்கிறீர்கள்.

"எப்போதும் அனுமதி" என்பதைத் தயவுசெய்து கேட்காதீர்கள். 2019-ல் வந்த ஆண்ட்ராய்டு 10 அதைத் தனியாகப் பிரித்தது. அடுத்த பதிப்பில் செட்டிங்ஸுக்குள் போய்த்தான் கொடுக்கவேண்டும் என்று ஆக்கிவிட்டார்கள். ப்ளே ஸ்டோரும் எதற்கு என்று விளக்கம் எழுதி, வீடியோ எடுத்து அனுப்பச் சொல்கிறது. வழிகாட்டுவதற்கு இதெல்லாம் வேண்டியதில்லை. பயணம் தொடங்கியதும் மேலே ஒரு நோட்டிஃபிகேஷன் தெரியும்படி சேவையை ஓட்டினால், திரை அணைந்திருந்தாலும் இடம் வந்துகொண்டே இருக்கும். ஓடுகிறது என்பது பயனருக்கும் தெரியும்.

ஆண்ட்ராய்டு 12-லும் ஐஓஎஸ் 14-லும் "தோராயமான இடம்" என்று ஒரு தேர்வு இருக்கிறது. ஆண்ட்ராய்டில் அது ஏறக்குறைய 3 சதுர கிலோமீட்டர் பரப்புக்குள் என்று வரும். ஊட்டியில் மழையா என்று சொல்ல அது தாராளமாகப் போதும். கிடைத்ததை வைத்துச் செய்ய முடிந்ததைச் செய்யுங்கள். எந்த இடத்தில் போதவில்லையோ, அந்த இடத்தில் போதவில்லை என்று சொல்லுங்கள்.

கேள்வி: நான் ஓய்வுபெற்ற தமிழாசிரியன். ஒன்பது நவக்கிரகக் கோயில்களையும் இரண்டு நாளில் தரிசிக்க என் பேரன் ஒரு செயலியில் வரிசை போட்டுக் கொடுத்தான். அதன்படி போனதில் மூன்று கோயில்களில் நடை சாத்தியிருந்தது. ஓரிடத்தில் ஊரே மாறிவிட்டது! கணினிக்கு இதுகூடத் தெரியாதா?
(விருதுநகர்)

ஊர் மாறியது ஆலங்குடிதானே, ஐயா? பந்தயம் கட்டத் தயார்.

முதலில் வரிசை. சூரியனார்கோயில், திங்களூர், வைத்தீஸ்வரன்கோயில், திருவெண்காடு, ஆலங்குடி, கஞ்சனூர், திருநள்ளாறு, திருநாகேஸ்வரம், கீழப்பெரும்பள்ளம். ஒன்பதை 3,62,880 விதமாக வரிசைப்படுத்தலாம். கேட்க மலைப்பாக இருக்கும், ஆனால் இதைக் கணினி கண்மூடித் திறப்பதற்குள் முடித்துவிடும். எது தூரம் குறைவு என்று அது சொன்னது சரியாகவே இருந்திருக்கும். மேற்குக் கோடியில் திருவையாற்றுப் பக்கம் திங்களூர், கிழக்கே காரைக்காலில் திருநள்ளாறும் கடலோரப் பக்கம் திருவெண்காடு, கீழப்பெரும்பள்ளமும், நடுவில் மற்றவை. கஞ்சனூரும் சூரியனார்கோயிலும் பக்கத்துப் பக்கத்து ஊர்.

ஆனால் கோயில் என்பது மதியம் பன்னிரண்டு, பன்னிரண்டரைக்குச் சாத்திச் சாயங்காலம் நான்கு மணிக்குத் திறக்கிற இடம். அந்தச் செயலியை எழுதியவருக்கு அது அருவி மாதிரியோ கடற்கரை மாதிரியோ எந்நேரமும் திறந்து கிடக்கும் ஒரு புள்ளி. ஓபன் ஸ்ட்ரீட் மேப்பில் திறக்கும் நேரத்துக்கென்றே ஒரு குறிப்பு உண்டு. காலை ஒரு வேளை, மாலை ஒரு வேளை என்று பிரித்தே எழுதலாம். எழுத ஆள்தான் இல்லை. பேரனிடம் சொல்லுங்கள், தரிசித்த ஒன்பது கோயில்களுக்கும் அவனே நிரப்பிவிடட்டும். அதுவும் ஒரு கைங்கரியம்தான்.

நேரத்தையும் கணக்கில் எடுத்தால் கேள்வியே மாறிவிடுகிறது. மொத்த தூரம் எவ்வளவு என்று பார்க்காமல், ஒவ்வொரு வாசலையும் நடை திறந்திருக்கும்போது தொடுகிறோமா என்று பார்க்கவேண்டும். தூரம் இருபது கிலோமீட்டர் கூடினாலும் பரவாயில்லை. அப்பா இதை ஒரே வரியில் சொல்வார்: "உச்சிக்கு ரோடு, காலையும் சாயங்காலமும் சாமி." அதாவது நீளமான ஓட்டத்தையும் சாப்பாட்டையும் பன்னிரண்டரையிலிருந்து நான்குக்குள் தள்ளிவிடு. இன்னும் நுணுக்கமாகப் போனால், திருநாகேஸ்வரத்தில் ராகு காலப் பாலாபிஷேகம் பார்க்கவேண்டும் என்பவர்கள் உண்டு. ஞாயிறென்றால் அது நாலரையிலிருந்து ஆறு. சனிக்கிழமை திருநள்ளாற்றுக் கூட்டத்தைச் சொல்லவே வேண்டாம். கிழமை தெரியாத செயலி இந்தப் பயணத்துக்கு வரிசை போடக் கூடாது.

இப்போது ஆலங்குடி. குருவுக்குரிய ஆலங்குடி திருவாரூர் மாவட்டத்தில், கும்பகோணத்துக்குத் தெற்கே. இன்னொரு ஆலங்குடி புதுக்கோட்டை மாவட்டத்தில். இரண்டுக்கும் நேர்க்கோட்டிலேயே ஏறக்குறைய 70 கி.மீ. இருக்கும். பெயரை மட்டும் வைத்துத் தேடும் நிரல், பெரிய ஊர் எதுவோ அதை எடுத்துக்கொள்ளும். நான் முன்பு வேலை பார்த்த இடத்தில் இதே தவறை நாங்களும் செய்தோம். சரிசெய்ய நான்கு வரி நிரல் போதுமாக இருந்தது: பட்டியலில் உள்ள மற்ற ஊர்கள் எங்கே குவிந்திருக்கின்றன என்று பார், அந்தக் குவியலுக்குப் பக்கத்தில் இருப்பதை எடு, சந்தேகமாக இருந்தால் மாவட்டத்தின் பெயரோடு காட்டிக் கேள். தமிழ்நாட்டில் ஊர்ப்பெயரை மாவட்டம் இல்லாமல் காட்டுவது, விலாசத்தில் "முருகன், தமிழ்நாடு" என்று எழுதுவது மாதிரி.

கேள்வி: ஆழியாறிலிருந்து வால்பாறை ஏறும்போது மேப் திடீர் திடீரென்று "யூ டர்ன் எடுங்கள்" என்கிறது. கொண்டை ஊசி வளைவில் எங்கே யூ டர்ன் எடுப்பது? டவரும் கிடைப்பதில்லை. டவர் இல்லாமல் ஜிபிஎஸ் எப்படி வேலை செய்கிறது?
(பொள்ளாச்சி, டாக்ஸி ஓட்டுநர்)

அண்ணே, ஜிபிஎஸ்ஸுக்கும் டவருக்கும் சம்பந்தம் குறைவு. 20,200 கி.மீ. உயரத்தில் சுற்றும் செயற்கைக்கோள்கள் நேரத்தைச் சொல்லிக்கொண்டே இருக்கின்றன. உங்கள் போன் நான்கு செயற்கைக்கோள்களையாவது கேட்டு, யார் சொன்னது எவ்வளவு தாமதமாக வந்தது என்று பார்த்துத் தன் இடத்தைக் கணக்குப் போடுகிறது. போன் எதையும் மேலே அனுப்புவதில்லை, ரேடியோப் பெட்டி மாதிரி கேட்க மட்டும் செய்கிறது. ஆனால் அவை பேசுவது ரொம்ப மெதுவாக, வினாடிக்கு 50 பிட். "நான் இந்தப் பாதையில் இருக்கிறேன்" என்று ஒரு செயற்கைக்கோள் சொல்லி முடிக்கவே அரை நிமிடம் ஆகும். டவர் இருந்தால் இந்த விவரத்தை இணையத்திலிருந்தே போன் சட்டென்று எடுத்துக்கொள்ளும். அதனால் ஆழியாறிலேயே மேப்பைத் திறந்து, புள்ளி வந்த பிறகு ஏறுங்கள். வரைபடத்தையும் பொள்ளாச்சியிலேயே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

யூ டர்ன் விஷயம் செயலி எழுதியவரின் தப்பு. திறந்த வெளியில் போன் ஜிபிஎஸ் ஐந்து மீட்டர் அளவுக்குச் சரியாகச் சொல்லும். மலைச்சுவரில் பட்டுத் தெறித்து வரும் சிக்னலைக் கேட்டால் பிழை பல மடங்காகும். அந்தப் பாதையில் நாற்பது வளைவு. நீங்கள் இருப்பது கீழ் ரோடு, புள்ளி விழுவது தலைக்கு மேலே இருக்கிற ரோடு. மேல் ரோட்டில் வண்டி எதிர்த்திசையில் போகவேண்டும் இல்லையா? "தப்பாகப் போகிறான், திரும்பச் சொல்" என்று நிரல் பதறுகிறது.

பக்கத்தில் எந்த ரோடு இருக்கிறதோ அதில் ஒட்டவைப்பதுதான் இதற்கெல்லாம் மூலம். இருபது வினாடி முன்னால் கீழ் ரோட்டில் இருந்த வண்டி இப்போது மேலே தாவியிருக்க முடியுமா என்று கேட்கவேண்டும். இப்படி முன்பின் பார்த்து ரோட்டை ஊகிக்கும் முறையை மைக்ரோசாஃப்ட் ஆய்வாளர்கள் இருவர் 2009-லேயே எழுதிவிட்டார்கள். செயலி செய்கிறவர்களுக்கு நான் சொல்வது அதைவிட எளிது: மலைப்பாதையில் முதல் சந்தேகத்துக்கே வாயைத் திறக்காதீர்கள். அடுத்த இருநூறு மீட்டர் பாருங்கள்.

ஒன்பதாவது வளைவில் லோம்ஸ் வியூ பாயிண்ட் வருகிறது அல்லவா? அதற்கு எங்கள் செயலியில் ஒரு அறிவிப்பு வைக்க நாங்கள் பட்ட பாடு தனி. ஜியோஃபென்ஸ் என்று ஒரு வட்டத்தைப் போட்டால், வண்டி வட்டத்துக்குள் வந்ததும் போன் சொல்லும். ஆண்ட்ராய்டின் வழிகாட்டியே வட்டத்தை 100, 150 மீட்டருக்குக் குறைக்காதே என்கிறது. அந்த மலையில் அவ்வளவு பெரிய வட்டம் போட்டால் கீழே இருக்கிற வளைவுகளும் அதற்குள் விழுந்துவிடும். ரெண்டு வளைவு முன்னாலேயே "வியூ பாயிண்ட் வந்துவிட்டது" என்று சொல்லி, ஒருவர் வண்டியை ஓரம் கட்டி இறங்கிப் பார்த்து, பாறையைப் போட்டோ எடுத்து அனுப்பினார். அப்புறம் வட்டத்தை விட்டுவிட்டு, ரோட்டை நீளமாகக் கிடத்திய கயிறாக எண்ணி, கயிற்றில் எத்தனையாவது மீட்டரில் வண்டி இருக்கிறது என்று அளந்தோம். ஓடோமீட்டரைப் பார்த்து நோட்டில் எழுதிய மனிதரின் மகளுக்கு இது முதலிலேயே தோன்றியிருக்கவேண்டும்.

கேள்வி: தொடக்கப் புள்ளியாகச் சென்னையைக் கொடுத்தால் என் வரைபடம் வட துருவத்துக்கு ஓடுகிறது. இரண்டு நாளாகத் தூக்கமில்லை.
(திருச்சி, சொந்தமாகக் கற்பவர்)

சென்னையின் அட்சரேகை, தீர்க்கரேகையான 13.08, 80.27 என்பதை மாற்றிப் போட்டிருக்கிறீர்கள். வடக்கு 80.27, கிழக்கு 13.08 என்றால் ஸ்வால்பார்டு தீவுகளுக்கு வடக்கே ஆர்க்டிக் கடல். சில நிரல் நூலகங்கள் அட்சரேகையை முதலில் கேட்கும், இடத் தரவை எழுதும் வடிவமான ஜியோஜேசன் தீர்க்கரேகையை முதலில் கேட்கும். இந்தத் துறையில் இருக்கும் எல்லோரும் ஒரு முறையாவது அந்தக் கடலில் விழுந்தவர்கள்தான். போய்த் தூங்குங்கள்.

கேள்வி: பயணம் முழுக்க எத்தனை வினாடிக்கு ஒரு முறை லொக்கேஷன் எடுக்கலாம்? பேட்டரி கரைகிறது.
(கோவை, டெவலப்பர்)

அடுத்த திருப்பம் எவ்வளவு தூரத்தில் என்பதைப் பொறுத்தது. நாற்பது கிலோமீட்டர் நேர் ரோடு என்றால் பத்துப் பதினைந்து வினாடிக்கு ஒரு முறை போதும். திருப்பத்துக்கு இரண்டு கிலோமீட்டர் முன்னால் வினாடிக்கு ஒன்றாக்குங்கள். சாப்பிட நிறுத்தியிருக்கிறார்கள் என்று அசைவு சென்சார் சொன்னால் அடியோடு நிறுத்துங்கள். ஒரு செயலிக்கு ஜியோஃபென்ஸ் ஆண்ட்ராய்டில் 100, ஐபோனில் 20 வரைதான். வழியில் உள்ள எல்லா ஊருக்கும் போட்டு வைக்காமல் அடுத்து வரும் சிலவற்றுக்கு மட்டும் போட்டு, தாண்டத் தாண்ட மாற்றுங்கள். இதற்குப் பிறகும் கரைந்தால் உங்கள் திரை எந்நேரமும் முழு வெளிச்சத்தில் எரிகிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் குற்றவாளி அதுதான், பழி ஜிபிஎஸ்ஸுக்கு.

கேள்வி: மகள் கல்லூரித் தோழிகளோடு காரில் மூணாறு போகிறாள். எந்நேரமும் எங்கே இருக்கிறாள் என்று எனக்குத் தெரியவேண்டும். கேட்டால் முகம் சுளிக்கிறாள். நல்ல ஆப் ஒன்று சொல்லுங்கள்.
(மதுரை, இல்லத்தரசி)

அம்மா, உங்கள் பயம் புரிகிறது. அவள் சுளிப்பும் புரிகிறது.

அப்பா வண்டி ஓட்டிய காலத்தில் எஸ்டிடி பூத்திலிருந்து ஒரு போன் வரும். "உளுந்தூர்பேட்டை" என்பார். அம்மா "சரி" என்பாள். வைத்துவிடுவார்கள். அதோடு அம்மா தூங்கிவிடுவாள். அவளுக்குத் தேவைப்பட்டது அந்த ஒரு சொல். வண்டி நகர்வதை இரவு முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்க விட்டிருந்தால் அவள் தூங்கியே இருக்கமாட்டாள் என்று நினைக்கிறேன்.

எனவே தேனி, போடிநாயக்கனூர், போடிமெட்டு, மூணாறு என்று நான்கு இடத்தைத் தாண்டும்போது தானாகவே ஒரு செய்தி வந்தால் போதுமா என்று மகளோடு பேசிப் பாருங்கள். நேரடியாகப் பார்த்தே ஆகவேண்டுமென்றால் வாட்ஸப்பிலேயே 15 நிமிடம், 1 மணி, 8 மணி என்று மூன்று அளவில் பகிரலாம். நேரம் முடிந்தால் தானாக நின்றுவிடும். புள்ளி நின்றுவிட்டது என்று பதறாதீர்கள். மலை ஏறும்போது டவர் போகும். புள்ளி பழைய இடத்திலேயே உறைந்து நிற்கும்.

இந்த உறைந்த புள்ளியைப் பற்றிச் செயலி செய்கிறவர்களிடம் சொல்லவேண்டும். புள்ளியின் பக்கத்தில் "25 நிமிடம் முன்பு, சார்ஜ் 12%" என்று எழுதுங்கள். பாதி அம்மாக்களின் ரத்த அழுத்தம் இறங்கும். பகிர்வு பயணத்தோடு முடியட்டும், ஊர் சேர்ந்ததும் அணையட்டும். யார் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்பது பகிர்கிறவளுக்குத் தெரியட்டும். காரணம் சொல்லாமல் நிறுத்தி வைக்க ஒரு பொத்தான் இருக்கட்டும். எல்லாக் கைபேசிக்குப் பின்னாலும் பாசமுள்ள அம்மாதான் இருக்கிறாள் என்று நம்பி எழுதப்பட்ட செயலிகள் பெண்களுக்குச் செய்த கெடுதல் கொஞ்சமல்ல.

பயணம் முடிந்த பிறகு அந்தத் தடம் என்ன ஆகிறது? 2013-ல் வெளிவந்த ஓர் ஆய்வில் 15 லட்சம் பேரின் 15 மாதக் கைபேசி இடத் தரவை எடுத்துப் பார்த்தார்கள். பெயர் இல்லை, எண் இல்லை. எந்த நேரத்தில் எந்த டவர் பகுதியில் என்று நான்கே புள்ளி தெரிந்தால் 95 சதவீதம் பேரைத் தனித்துப் பிரித்துவிட முடிந்தது. பெயரை நீக்கிவிட்டோம், இனிப் பயமில்லை என்பது நடக்காத கதை. உடற்பயிற்சிச் செயலியான ஸ்ட்ராவா எல்லோருடைய ஓட்டத் தடங்களையும் ஒன்றாக்கி வெளியிட்ட வரைபடத்தில், ராணுவ முகாம்களின் உள்பாதைகள் பாலைவனத்தில் பளிச்சென்று தெரிந்தன. 2018 ஜனவரியில் உலகமே அதைப் பார்த்தது. அங்கே ஒரு தனி ஆளின் பெயர்கூட இல்லை.

நாங்கள் செய்வது இது. பயனர் தானே சேமித்தால் ஒழிய, தடம் முப்பது நாளில் அழிந்துவிடும். நண்பர்களுக்குப் பகிரும்போது தடத்தின் தொடக்கமும் முடிவும் ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் அளவுக்கு வெட்டப்படும். முதலில் வீட்டை நடுவில் வைத்து ஒரு வட்டம் போட்டு அதற்குள் இருப்பதை மறைத்தோம். எங்கள் குழுவில் ஒரு பெண் ஐந்து தடங்களை எடுத்து, அவை எங்கெங்கே அறுபடுகின்றன என்று புள்ளி வைத்து, அவற்றின் வழியே வட்டம் வரைந்து, மையத்தைக் காட்டினாள். என் வீடு. மாடியில் துணி காய்கிற கொடி உட்பட. இப்போது வட்டத்தின் மையத்தை ஒவ்வொருவருக்கும் தாறுமாறாகத் தள்ளி வைக்கிறோம். 2023-ல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும், கேட்ட காரணம் முடிந்ததும் தரவை அழி என்றுதான் சொல்கிறது.

கேள்வி: ஊட்டி, மைசூர் பக்கம் குடும்பத்தோடு போக இருக்கிறோம். எந்தச் செயலி சரியான நேரம் சொல்கிறது?
(திருப்பூர், பனியன் நிறுவன மேலாளர்)

எதுவும் முழுசாகச் சொல்வதில்லை. நானே மாட்டிய கதையைச் சொல்கிறேன்.

ஊட்டியில் ஆறரைக்குக் கிளம்பினோம். நாங்களே எழுதிய செயலி, "மைசூர், கூடலூர் வழி" என்று பச்சைக்கோடு போட்டுக் காட்டியது. கோடு, தூரம், திருப்பம் எல்லாம் சரி. கூடலூரில் டீ, பஜ்ஜி, பையனுக்கு வர்க்கி. தெப்பக்காடு தாண்டிக் கக்கநல்லா செக்போஸ்ட்டுக்கு வரும்போது ஒன்பது பத்து. கம்பை இறக்கிவிட்டார்கள். பந்திப்பூர் காட்டு ரோட்டில் இரவு 9 முதல் காலை 6 வரை வண்டி போக 2009 முதல் தடை. எனக்கு இது தெரியும். அப்பா நோட்டில் இருந்தது. நான் எழுதிய நிரலில் மட்டும் இல்லை. "எந்த ஆப் பார்த்து வந்தீங்க?" என்று வனத்துறைக்காரர் கேட்டார். நான் வாயைத் திறக்கவில்லை. என் பையன் திறந்தான்.

ரோட்டை நாங்கள் "உண்டு", "இல்லை" என்று இரண்டாகத்தான் வைத்திருந்தோம். எப்போது உண்டு என்பதை வைக்கவில்லை. வைத்தாலும், கிளம்பும்போது ரோடு திறந்திருக்கிறதா என்று பார்த்தால் பயனில்லை. ஆறரைக்கு அது திறந்துதான் இருந்தது. அந்தக் கம்பின் அடிக்கு வண்டி எத்தனை மணிக்கு வரும் என்று கணக்கிட்டு, அந்த நேரத்துக்குப் பார்க்கவேண்டும். மலைப்பாதை, பனி, பஜ்ஜி எல்லாவற்றுக்கும் ஒரு முக்கால் மணி நேரம் கூட்டிக்கொண்டு.

உங்களுக்கு இன்னொன்றும் சொல்லவேண்டும். நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே 7 முதல் இ-பாஸ் நடைமுறை வந்தது. உயர் நீதிமன்ற உத்தரவு. கிளம்பும் வாரம் விதி எப்படி இருக்கிறது என்று பார்த்து, வீட்டிலிருந்தே எடுத்துக்கொண்டு போங்கள். செயலி எழுதுகிறவர்களுக்கு இது சுலபம்: மாவட்ட எல்லையை ஒரு பலகோணமாக வைத்துக்கொண்டு, பாதை அதை வெட்டுகிறதா என்று திட்டமிடும்போதே பார்த்துச் சொல்லலாம். மலையடிவாரச் சோதனைச்சாவடியில் நிற்கும்போது நோட்டிஃபிகேஷன் வந்து யாருக்கு லாபம்?

இப்போது எங்கள் செயலி ஊட்டியில் மதியமே சொல்லிவிடும்: "மைசூருக்கு இன்றே போவதானால் ஐந்தரைக்குள் கிளம்புங்கள்." அதைப் பார்த்த பிறகும் கூடலூரில் பஜ்ஜிக்கு நிற்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்காக அந்த ஊரில் இரண்டு லாட்ஜ்களின் போன் நம்பரையும் அதன் கீழேயே போட்டு வைத்திருக்கிறோம். இரண்டுமே, நீங்கள் மைசூர் போகும் திசையில், இடப்பக்கம்.